இருபத்துநாலு கேள்விகளும் நான் சொல்லாமல் விட்ட செய்தியும்

மச்சாள்,

நேற்று லண்டனில் இருந்து ஒரு பார்சல் வந்தது. உங்கள் மகள் அனுப்பியிருக்கிறாள். உடைத்ததும் வீடு முழுக்கத் தைல வாசம். உள்ளே நீங்கள் குடியுரிமைச் சோதனைக்குப் படித்த புத்தகம். பிரித்தானியாவின் சரித்திரம், அரசாங்கம், பண்பாடு எல்லாவற்றையும் அடைத்துவைத்த அந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் நீங்கள் நெற்றியில் பூசுகிற தைலம்தான் மணக்கிறது. தலையிடியோடு படித்திருக்கிறீர்கள். என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லாமல் விடுவதில் உங்களை வெல்ல ஆள் இல்லை.

முதலில் கோபத்தை எழுதிவிடுகிறேன். அதை எழுதாவிட்டால் மற்றது வராது.

மூன்றாவது பிள்ளையை வயிறு வெட்டி எடுத்து, இங்கே கனடாவில் ஆஸ்பத்திரியில் நான் கிடந்த கிழமைதான் என் அம்மா இறந்தார். அப்போது அவர் கொழும்பில் உங்களோடும் அண்ணரோடும் இருந்தார். பச்சை உடம்புக்காரிக்குச் சாவு சொல்லக் கூடாது என்பது எங்கள் வீடுகளின் வழக்கம். அந்த வழக்கத்தை நீங்கள் பிடித்தீர்கள். நான் நான்கு தரம் தொலைபேசி எடுத்தேன். நான்கு தரமும் நீங்கள்தான் கதைத்தீர்கள். "மாமி கோயிலுக்குப் போட்டா." "மாமி குளிக்கிறா." "மாமிக்குத் தொண்டை அடைச்சுப்போச்சு, கதைக்க ஏலாது." "மாமி நித்திரை." முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த பிறகு அண்ணர் எடுத்து உண்மையைச் சொன்னார். அந்த ஒரு மாதமும் நான், பிள்ளையைப் பார்க்க இங்கே வருவார் என்று நம்பி, அம்மாவுக்கென்று கம்பளிச் சட்டை தேடிக் கடை கடையாகத் திரிந்திருக்கிறேன்.

அன்றோடு உங்களோடு கதைப்பதை விட்டேன். நீங்கள் லண்டனுக்குப் போன பிறகும் அண்ணர் எடுத்தால் அண்ணரோடு மட்டும். அண்ணர் காலமானபோது பிள்ளைகளோடு மட்டும். நான் ஏழாம் வகுப்பு வரைதான் படித்தவள். ஆனால் எனக்கு ஒன்றும் மறக்காது. அது வரமா சாபமா என்று எனக்கு இன்னும் தெரியாது.

பிறகு ஒருநாள் நீங்களாகவே எடுத்தீர்கள்.

"பிள்ளை, மச்சாள் கதைக்கிறன். போனை வைச்சுப்போடாதையும்."

நான் வைக்கவில்லை.

"சோதினை ரெண்டு தரம் பெயில். கடையில இருபது வருசம் நிண்டனான், இங்கிலீசு ஓடுது. ஞாபகம்தான் ஓடுதில்லை. நீர் அங்கை கனடாச் சோதினையை ஒரே தரத்தில பாஸ் பண்ணினீராம். உமக்கு ஒருக்காக் கேட்டாப் போதும். எனக்குப் பாடமாக்கித் தாரும்."

"இப்ப என்ன அவசரம்? அறுபத்தஞ்சு வந்தாச் சோதினையே இல்லையாம்."

"அதுக்கு இன்னும் ரெண்டு வருசம் கிடக்கு. ஆர் கண்டது? இலங்கைப் பாஸ்போட்டுக்குக் கனடா விசா ரெண்டு தரம் மறுத்துப் போட்டினம். பிரிட்டிஷ் பாஸ்போட் எண்டால் ஏறி வரலாம். உமக்குக் காலில ரத்தக்கட்டி, பிளேன் ஏற டாக்குத்தர் விடேல்லை எண்டு கேள்விப்பட்டன். அப்ப நான்தானே வரவேணும்."

"வந்து?"

"உம்மட முன்னால இருக்கவேணும்."

நான் ஓம் என்றது இரக்கத்தில் இல்லை, மச்சாள். நீங்கள் இந்த டோர்செட் பார்க் வீட்டில், இந்தக் கதிரையில், என் முன்னால் இருக்க வேண்டும். அந்த நான்கு பொய்யையும் நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, நீங்கள் முகம் திருப்பாமல் கேட்க வேண்டும். அதற்காகத்தான் பிரித்தானியச் சரித்திரத்தை நான் படிக்கத் தொடங்கினேன்.

பேத்தி பள்ளிக்கூடத்தால் வந்து பாடத்தை வாசித்துத் தமிழில் சொல்லுவாள். நான் கேட்டுவிட்டு விடைகளைத் தமிழ் எழுத்தில் கொப்பியில் எழுதுவேன். அடுத்த நாள் காலை பதினொரு மணிக்கு உங்களுக்கு எடுப்பேன். அங்கே பின்னேரம் நான்கு. நலம் விசாரிப்பு இல்லை. எடுத்த உடனே கேள்வி.

"ஆறு பெண்சாதி கட்டின அரசன். ரெண்டாவது பெண்சாதிக்கு என்ன நடந்தது?"

"தலையை வெட்டினவை."

"அஞ்சாவது?"

"கலைச்சுவிட்டவர்."

"அவவையும் வெட்டினதுதான்! கலைச்சது முதலாவதையும் நாலாவதையும்."

"அந்த மனுசனுக்கு வேற வேலை இல்லையே? சம்பந்தம் பேசின தரகரையெல்லோ முதல்ல வெட்டியிருக்கவேணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. உங்களுக்குக் கேட்காமல் அடக்கினேன்.

"மூண்டாவது?"

"அவ பிள்ளை பெத்த கையோட..." என்று தொடங்கி நிறுத்திவிட்டீர்கள். பச்சை உடம்பு என்ற சொல் உங்கள் வாய்வரைக்கும் வந்து நின்றது எனக்குத் தெரிந்தது. நான் பாராளுமன்றக் கேள்விகளுக்குத் தாண்டிப் போனேன்.

நாலு நாட்டுக்கும் நாலு புனிதர், அவர்களின் நாலு திகதிகள் உங்களுக்கு நிற்கவே இல்லை. கோயில் திருவிழாவில் எந்த நாள் எந்தக் குடும்பத்தின் உபயம் என்று ஒருநாளும் நீங்கள் மாறாடியதில்லை. ஆகவே அப்படியே பிரித்துத் தந்தேன். மார்ச் முதலாம் திகதி வேல்ஸ்காரரின் திருவிழா, பதினேழாம் திகதி அயர்லாந்துக்காரரின் திருவிழா, ஏப்ரல் இருபத்துமூன்று இங்கிலாந்துக்காரருடையது, நவம்பர் முப்பது ஸ்கொட்லாந்துக்காரருடையது. "இப்ப விளங்குது. பிரபுக்கள் சபை எண்டது பரம்பரை பரம்பரையாக் கோயிலை விடாமல் வைச்சிருக்கிற ஆக்கள் மாதிரி, என்ன?" என்றீர்கள். "கிட்டத்தட்ட" என்றேன்.

நான்கு மாதம் இப்படிப் போனது. இருபத்துநாலு கேள்வியில் பதினெட்டுச் சரி வேண்டும். நீங்கள் இருபதுக்கு வந்துவிட்டீர்கள். மூன்றாம் முறையாகச் சோதனைக்குத் திகதி எடுத்தீர்கள்.

அதற்கு முதல் நாள் காலை ஒன்பதரைக்கு ஒஷாவாவில் இருந்து உங்கள் அக்காவின் மகன் எடுத்தான்.

"அன்ரி, ஊரில அம்மா எங்களை விட்டிட்டுப் போட்டா. கோயிலால வந்து படுத்தவ, எழும்பேல்லை."

உங்களைத் தாய் மாதிரி வளர்த்த அக்கா. உடனே உங்களைப் பற்றித்தான் கேட்டேன்.

"சித்திக்குச் சொல்லியாச்சே?"

"இல்லை அன்ரி. நாளைக்கு மத்தியானம் பிரேதம் எடுக்கினம். அது லண்டனுக்கு விடிய ஏழரை மணி. வீடியோவில காட்டுவினம். சித்திக்குப் பதினொண்டுக்குச் சோதினையாம். அவவின்ர மகளுக்குச் சொல்லிப்போட்டன். அவ அழுறா, தன்னால முடிவெடுக்க ஏலாதாம். அன்ரி சொல்லுறபடி செய்வம் எண்டுறா."

"நான் ஆர் முடிவெடுக்க?"

"நீங்கள்தானே அவவுக்கு வாத்தியார்."

பதினொரு மணிக்கு இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருந்தது. கொப்பியைத் திறந்து மூடினேன். சொன்னால் நீங்கள் சோதனைக்குப் போக மாட்டீர்கள். இன்னொரு திகதி எடுக்கலாம்தான். ஆனால் அந்தத் துக்கத்துக்குப் பிறகு நீங்கள் புத்தகத்தைத் தொட மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். சொல்லாவிட்டால் அக்காவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கிற உரிமையை உங்களிடமிருந்து நான் பறிக்கிறேன். அந்த உரிமையைப் பறித்ததற்காகத்தானே இத்தனை வருடம் உங்களோடு பேசாமல் இருந்தேன்? பதினொன்று அடித்தது. எடுத்தேன்.

"ஏன் உம்மட குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"தடிமன். சொல்லுங்கோ, மக்னா கார்ட்டா எந்த ஆண்டு?"

"ஆயிரத்து இருநூற்றுப் பதினைஞ்சு. பிள்ளை, கொஞ்சம் பொறும். அக்காவுக்கு ஒருக்கா எடுத்துப்போட்டு வாறன். நாளைக்குச் சோதினை, அவவின்ர வாயால ஒரு நல்ல சொல்லுக் கேக்கவேணும்."

"இப்ப எடுக்காதையுங்கோ" என்றேன்.

"ஏன்?"

"அங்கை எட்டரை தாண்டிட்டுது. அக்கா நித்திரை."

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் என் காதில் அது கேட்டது. அது உங்களுடைய சொல், மச்சாள். உங்கள் நாலாவது பொய். கொழும்பில் அந்த ரிசீவரைப் பிடித்தபடி நீங்கள் நின்ற இடத்தில் இப்போது நான் நின்றேன். என்னுடைய பிள்ளை உயிரோடு இருக்க வேண்டும், என் காயம் ஆற வேண்டும் என்று நீங்களும் இப்படித்தான் நின்றீர்களா? அதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. நீங்கள் "ஓம், படுத்திருப்பா, பாவம்" என்று அடுத்த கேள்விக்கு வந்துவிட்டீர்கள். இருபத்துநாலில் இருபத்துமூன்று சரி சொன்னீர்கள்.

அக்காவின் சாவீட்டை உங்களுக்குப் பதிலாக நான் வீடியோவில் இருந்து பார்த்தேன். ஒன்றையும் தவறவிடாமல் பார்த்தேன்.

அடுத்த நாள், முடிவு வந்ததும் எடுத்தீர்கள். "பாஸ் பிள்ளை! பாஸ்! இனி வாறன் பாரும்!" அப்படி ஒரு குரலை நான் உங்களிடம் கேட்டதே இல்லை. அந்தக் குரலுக்கு மேல்தான் நான் செய்தியைப் போட்டேன்.

"எப்ப?" என்றீர்கள். சொன்னேன்.

"நேற்றுக் கதைக்கேக்க உமக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

நீங்கள் என்னை ஏசுவீர்கள் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அழுகைதான் வந்தது. அது அடங்கியதும் கேட்டீர்கள்.

"நீர் பாத்தனீரோ?"

"பாத்தனான். பதிவு இருக்கு, அனுப்பவோ?"

"வேண்டாம். முடிஞ்சதைப் படத்தில பாக்க ஏலாது. உமக்கு ஒண்டும் மறக்காது. நீர் சொல்லும்."

சொன்னேன். பச்சைச் சீலை, மல்லிகை மாலை, தலைமாட்டில் இருந்து அழுதவர்கள், பந்தத்தோடு சுற்றிவந்த பேரப்பிள்ளைகள், வாசல் படலையடியில் பறை நின்ற நேரம் வரைக்கும் ஒன்றும் விடாமல் சொன்னேன். நீங்கள் ஒவ்வொன்றுக்கும் "ம்" போட்டீர்கள்.

மறுநாள் பதினொரு மணிக்கு நான் எடுக்க முன்னம் நீங்களே எடுத்தீர்கள். பீடிகை ஒன்றும் இல்லை.

"மாமிக்கு அரக்குச் சீலைதான் கட்டினனான். உம்மட கலியாணத்துக்கு அவ உடுத்தது. எரிக்கிற இடத்துக்குக் கொண்டுபோகேக்க மழை தூறினது. வாய்க்கரிசி போடேக்க, உம்மட பேரைச் சொல்லி உமக்காகவும் ஒரு பிடி போட்டனான்."

"இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்லை?"

"நீர் கேக்கேல்லை. நேரில வந்து சொல்லுவம் எண்டு இருந்தனான்."

நீங்கள் வரவில்லை. விண்ணப்பம் போட்டு, சத்தியப்பிரமாணத்துக்கு அழைக்கிற கடிதத்தை எதிர்பார்த்திருந்த மாதத்தில் உங்கள் தலைக்குள் ரத்தம் வெடித்துவிட்டது. அதற்கு முன்பே உங்களுக்குத் தலையிடி இருந்தது என்று நேற்றுப் பார்சலை உடைத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. உங்கள் சாவை உங்கள் மகள் எனக்கு ஒளிக்கவில்லை, அந்த மணித்தியாலத்திலேயே சொன்னாள். அதற்கு அவளுக்கு நன்றி சொன்னேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், ஒருநாள் பிந்திச் சொல்லியிருக்கலாம் என்றும் மனம் நினைத்தது.

கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். அந்தக் கதிரையில் உங்களை இருத்தி நான் கேட்காத கேள்விகள் அப்படியே கிடக்கின்றன. ஆனால் அண்ணருடையதை விட்டுப் பார்த்தாலும் என்னிடம் இப்போது மூன்று சாவீடுகள் இருக்கின்றன. ஒன்றுக்கும் நான் போகவில்லை. அம்மாவுடையது உங்கள் வாயால் வந்தது. உங்கள் அக்காவுடையதை நான் உங்களுக்குச் சொன்னேன். உங்களுடையதையும் வீடியோவில் இருந்து பார்த்தேன், சீலையின் கரை நிறம் வரைக்கும் நினைவில் நிற்கிறது. அதை மட்டும் இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை.