கொய்யா இலைத் தண்ணீர்

லிங்கி,
செப்டம்பர் 14

அன்புத் தங்கை ஷாமினிக்கு அக்கா ரதி எழுதுவது.

நீ இதைப் படிக்கும்போது உன் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு முடிந்திருக்கும். அதன் பிறகுதான் கொடுக்க வேண்டும் என்று உன் தோழி நுஸ்ரத்திடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். நல்லபடியாகச் செய்திருப்பாய். டாக்டர் ஷாமினி அமிர்தலிங்கம் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். அழகாக இருந்தது.

அப்பா தேறி வருகிறார். எதிலிருந்து என்று கேட்பாய். போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

ஜூலை ஒன்பதாம் தேதி அப்பாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இரண்டு மாதமாக அவர் வீடியோவில் முகத்தை மட்டும் காட்டிப் பேசியது அதனால்தான். உன் படிப்பு முடியும்வரை உனக்குத் தெரியக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

மே மாதக் கடைசியில் தோட்டத்தில் அவர் காலில் செம்பனை மரத்து முள் ஏறியது உனக்குத் தெரியும். சின்னப் புண்தான். இனிப்பு நீர் உடம்பு, இரத்தத்தில் சர்க்கரை அதிகம், ஆறவில்லை. அந்தச் சமயத்தில்தான் உன் ஆராய்ச்சி பற்றி இங்கே தமிழ்ப் பேப்பரில் வந்தது. கொய்யா இலைச் சாறு கிருமிகளைக் கொல்கிறது, உடம்பின் செல்களைக் காக்கும் சத்தும் அதில் இருக்கிறது என்று போட்டிருந்தார்கள். நீ அனுப்பிய படமும் அப்பாவின் போனில் இருந்தது. கண்ணாடித் தட்டு முழுக்கக் கிருமி படர்ந்திருக்க, சாறு வைத்த இடத்தைச் சுற்றி மட்டும் துடைத்துவிட்டது போல ஒரு வட்டம். கோயிலில், சாப்பாட்டுக் கடையில், பார்த்தவர்களிடமெல்லாம் காட்டினார். "எம் மக சாறு வச்ச எடத்துல கிருமி கிட்டவே வரல பாருங்க" என்பார். தன் காலுக்கும் அதுவே போதும் என்று முடிவு செய்துவிட்டார்.

பின்பக்கத்து மரத்தில் இலை பறித்ததும், கொதிக்க வைத்ததும், காலையும் மாலையும் ஊற்றிக் கழுவியதும் நான்தான், ஷாமினி.

நான் உன்னைக் கேட்காமல் இல்லை. "அக்கா, அது தட்டுலதான் வேலை செய்யுது, மனுஷ உடம்புல இன்னும் சோதிக்கவே இல்ல. நாங்க எடுக்கிற சாறு வேற, அடுப்புல கொதிக்க வைக்கிற தண்ணி வேற. அப்பாவ கிளினிக்குக் கூட்டிட்டுப் போ லா, இன்னைக்கே" என்றாய். அப்பாவிடம் சொன்னேன், ஒரே ஒரு தடவை. "அவ அடக்கமா பேசுறா, சின்னதிலேர்ந்து அப்படித்தான்" என்று சிரித்தார். நான் வற்புறுத்தவில்லை. அந்த மாதம் தொழிற்சாலையில் ஏற்கனவே மூன்று நாள் லீவு போட்டிருந்தேன். சூப்பர்வைசர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அப்பாவே வேண்டாம் என்றபோது, உண்மையைச் சொன்னால், எனக்கு நிம்மதியாக இருந்தது. அடுத்த வாரம் நீ கேட்டாய். கிளினிக்கில் காட்டிவிட்டோம் என்று பொய் சொன்னேன்.

மூன்று வாரம் ஊற்றினேன். சுண்டுவிரல் கறுத்தது. இலையின் கறை என்று நினைத்துத் தேய்த்துக்கூடப் பார்த்தேன். வாடை வந்த பிறகுதான் பக்கத்து வீட்டு குணாளன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டர் தமிழ்ப் பெண், உன் வயதுதான் இருக்கும். கொய்யா இலை விஷயம் தெரிந்ததும், இந்தத் தண்ணீரை யார் ஊற்றியது என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நான் வாயைத் திறக்கும் முன்பே அப்பா, "நானேதாம்மா. எம் மக வேணாம்னுதான் சொன்னா" என்றார். எந்த மகள் என்று டாக்டர் கேட்கவில்லை. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்றுவரை அப்பா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

போன வாரம் எதிர்வீட்டு பாஞ்சாலை அக்கா வந்தார். குதிகாலில் புண்ணாம், கொஞ்சம் கொய்யா இலை பறித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். அப்பா சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். கைலியை விலக்கிக் காலைக் காட்டினார். நர்ஸ் வந்து மருந்து கட்டும்போதுகூட என்னை வெளியே அனுப்பிவிடுகிறவர். "எம் மக இன்னும் அத கண்டுபிடிச்சு முடிக்கலம்மா. முடிக்கிற வரைக்கும் நீ கிளினிக்குப் போ" என்றார். மறுநாள் லீவு எடுத்துக்கொண்டு அந்த அக்காவை நானே கூட்டிப்போனேன்.

உன் ஆராய்ச்சியால்தான் இப்படி ஆயிற்று என்று நீ அங்கே வெளிநாட்டில் தனியாக உட்கார்ந்து அழுவாய். அதனால்தான் பொய் சொன்னதையும் மறைக்காமல் எழுதினேன். நீ சரியாகத்தான் சொன்னாய். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தவள் நான். ஆராய்ச்சியை விட்டுவிடாதே. அப்பா இன்னும் அதை நம்பிக்கொண்டிருக்கிறார். இப்போது பொறுமையாக நம்புகிறார்.

டிசம்பரில் வரும்போது அவரிடம் கால் பற்றி நீயாக எதுவும் கேட்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். என்மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு, சண்டை போடு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே, தங்கச்சி. அம்மா போன பிறகு நாம் மூன்று பேர்தான்.

முனியாண்டி சாமி உன் கூடவே இருக்கட்டும். குளிருக்கு நன்றாக மூடிக்கொண்டு வெளியே போ.

உன் போனுக்காகக் காத்திருக்கும் அக்கா,
ரதி