அடியில் தங்கிய ஆரஞ்சு

6-1-86

சுந்தரம்மாள் டீச்சர் இன்று என்னை ஆய்வகத்துக்குக் கூப்பிட்டுச் சின்ன டப்பா ஒன்றைக் கையில் கொடுத்தார். மாடல் விமானங்களுக்கு அடிக்கிற எனாமல் பெயிண்ட், ஆரஞ்சு. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. மூடியை நெம்பித் திறந்தால் மேலே வெறும் எண்ணெய். குச்சியை விட்டேன். அடியில் களி மாதிரிக் கெட்டியாகத் தட்டுப்பட்டது. அதுதான் நிறமாம்.

"பிப்ரவரி ஒண்ணாந்தேதி மாவட்டப் போட்டி. மரத்துல செஞ்ச விமானத்தைக் கொண்டுபோகணும், பெயிண்ட் மட்டும் அங்க உட்கார்ந்து எல்லார் முன்னாலயும் அடிக்கணும். பெயிண்ட் அவங்களே தருவாங்க, இது பழகிப் பாக்க. நம்ம பள்ளிக்கூடத்துல மரம் செதுக்கத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான், அன்னக்கொடி. போறியா?"

போறேன் டீச்சர் என்று சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன்?

இப்போது எல்லாரும் தூங்குகிறார்கள். அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். காளையண்ணனுக்குத் தெரிந்தால்?

தீபாவளிக்கு முந்தின வாரம் டீக்கடையில் அவன் கூட்டாளிகள், "மாப்ள, உன் தங்கச்சி பிளேன் ஓட்டப் போகுதாம்ல, எங்களுக்கும் ரெண்டு சீட்டுப் போடச் சொல்லு" என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். நேராக வீட்டுக்கு வந்தான். நான் கல்யாண முருங்கைக் கட்டையில் ரெண்டு மாதமாகச் செதுக்கிய விமானத்தை முழங்காலில் வைத்து ஒடித்தான். "இன்னொரு தடவை இந்தக் கருமத்தைப் பாத்தேன், பள்ளிக்கூடத்துக்கே நீ போக வேணாம்." அப்பா லாரியை எடுத்துக்கொண்டு நாக்பூர் போனால் மாதம் ஒருமுறைதான் வருகிறார். அதுவரை வீட்டில் அண்ணன் வைத்ததுதான் சட்டம்.

போனால் பள்ளிக்கூடம் போய்விடும். போகாவிட்டால்? அதையும் நினைக்க முடியவில்லை.

7-1-86

டப்பாவை மூடிக் குலுக்கிப் பார்த்தேன். ஒரே நுரை. பழகுவதற்காகப் பூசிக் காயவைத்த பலகை அம்மை போட்ட முகம் மாதிரி இருக்கிறது.

9-1-86

குச்சியால் கலக்கினால் மணிக்கட்டு விட்டுப்போகிறது, அடிக்கட்டி கரைவதும் இல்லை. பலகை முழுக்கக் கோடு கோடாக வெளுத்தும் கறுத்தும். ரேஷன் மண்ணெண்ணெயைக் கொஞ்சம் ஊற்றினேன். நேற்றுப் பூசியது இன்னும் காயவில்லை. கை வைத்தால் ஒட்டுகிறது. ரேகை பதிந்துவிட்டது.

விமானத்தை டீச்சரின் ஆய்வகத்திலேயே செதுக்கி அங்கே அலமாரியில் வைத்துவிடுகிறேன். அது நன்றாக வருகிறது. இந்தப் பெயிண்ட்தான்.

சாயங்காலம் பெரியார் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது எதிரே ஜூஸ் கடையில் சப்போட்டாவும் பாலும் போட்டு மிக்ஸியைத் திருகினார்கள். கட்டி இல்லை, கோடு இல்லை, ஒரே நிறம். பார்த்துக்கொண்டே நின்று எங்கள் பஸ்ஸை விட்டுவிட்டேன்.

எனக்கு ஒரு மிக்ஸி வேண்டும். விரல் நீளத்துக்கு.

11-1-86

பேரீச்சம்பழக்காரர் வண்டியில் சக்கரம் போன பேட்டரி கார் ஒன்று கிடந்தது. அம்மாவின் அறுந்த செருப்பையும் ஓட்டை விழுந்த பிளாஸ்டிக் குடத்தையும் கொடுத்து அதைக் கேட்டேன்.

"ஏ பாப்பா, ஊரே பழசைக் குடுத்துப் பழம் வாங்குது. நீ என்னாத்தா, பழசைக் குடுத்துப் பழசை வாங்குற?"

"ஓடுமா இது?"

"ஓடுனா நான் ஏன் தள்ளிக்கிட்டு வாரேன்?"

உள்ளே மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. பேட்டரிக் கட்டை வைத்தேன். காதருகே வைத்தால் பொன்வண்டு கத்துவது போல் இருக்கிறது. சிரிப்பு வந்துவிட்டது. துணியைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

13-1-86

சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி ஒன்று. அதன் நுனியை வளையமாக மடித்தேன். கம்பியையும் மோட்டாரில் சுற்றுகிற ஊசியையும் வால்வ் டியூப் துண்டால் இணைத்தேன். ரெண்டு கட்டையையும் சோப்பு டப்பாவில் படுக்க வைத்தேன். பால் டின் தகட்டை வெட்டி ஸ்விட்ச். கம்பி நீளமாக இருந்தால் பேயாடுகிறது. வெட்டி வெட்டிக் கடைசியில் என் நடுவிரல் அளவுக்கு வந்ததும் ஆடாமல் நின்று சுற்றியது.

தண்ணீரில் விட்டேன். நடுவில் ஒரு குழி விழுந்தது! சின்னதாக, அழகாக.

16-1-86

அண்ணன் மஞ்சுவிரட்டு பார்க்கப் போனான். அம்மா கடைக்கு. வீட்டில் யாரும் இல்லை, இன்றைக்கு விட்டால் கிடையாது என்று கொல்லைப்பக்கம் உட்கார்ந்து ஆரஞ்சு டப்பாவைத் திறந்தேன்.

மோட்டாரை முதலில் ஓடவிட்டேன். சுற்றுகிற கம்பியை அப்புறம் உள்ளே விட்டேன். மடச்சி. மடச்சி. ஒரு நொடிதான். மூஞ்சியெல்லாம், சுவரெல்லாம்... திரும்பிப் பார்த்தால் கொடியில் அண்ணனோட பொங்கல் சட்டை. வெள்ளைச் சட்டை. முதுகுல வரிசையா ஆரஞ்சுப் புள்ளி.

மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன். புள்ளியெல்லாம் பூவாக விரிந்துவிட்டது.

நாளைக்கு என்ன பண்ணப்போறேன்? அய்யோ சாமி.

17-1-86

அண்ணன் சட்டையைப் பிடித்துக்கொண்டு கத்தினான். "யாரு பாத்த வேல இது?" உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா அடுப்படியிலிருந்து, "பக்கத்து வீட்ல நேத்துக் கதவுக்குப் பெயிண்ட் அடிச்சாங்கடா. காத்துல அடிச்சிருக்கும். எதுக்கு இந்தக் குதி குதிக்கிற?" என்றது.

பக்கத்து வீட்டுக் கதவுக்குப் பெயிண்ட் அடித்து ரெண்டு வருஷம் ஆகிறது.

அவன் போனபிறகு அம்மா என் பக்கமே திரும்பாமல் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னது: "எம்புட்டு நாளா இந்த வண்டுச் சத்தம் கேக்குது, எனக்கென்ன காதா செவுடு? அடுத்த தடவையாச்சும் துணியப் பாத்துச் செய்யி ஆத்தா."

18-1-86

கம்பியை முதலில் அடிவரை விட வேண்டும், பிறகு ஸ்விட்ச். நிறுத்தி, சுற்று அடங்கின பிறகுதான் வெளியே எடுக்க வேண்டும். இவ்வளவுதான் சங்கதி. இதற்கு ஒரு சட்டை போயிற்று.

25-1-86

ஆரஞ்சைக் கலக்கி மெலிதாக ஒன்று, காய்ந்தபின் மேலே ஒன்று. ஒரு கோடு இல்லை. பலகையைச் சாய்த்தால் ஜன்னல் தெரிகிறது, ஜன்னலில் என் தலை தெரிகிறது. டீச்சர் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "கடையில வாங்குனது மாதிரி இருக்கேடி" என்றார்.

31-1-86

நாளைக்கு. அண்ணனிடம் ஸ்பெஷல் கிளாஸ் என்று அம்மா சொல்லிவிட்டது.

1-2-86

எதிலிருந்து எழுதுவது?

பெரிய கூடம். ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள், முக்கால்வாசி பையன்கள். தரையில் பாய் விரித்து ஆளுக்கு ஒரு பலகை. எல்லாருக்கும் வெள்ளையில் ஒரு டப்பா, ஆரஞ்சில் ஒரு டப்பா. திறந்ததும் கூடம் முழுக்க முனகல். அத்தனையும் பழைய சரக்கு, அடியில் பாறையாக இறுகியிருந்தது. எல்லாரும் பிரஷ்ஷின் பின்பக்கத்தை விட்டுக் குத்த ஆரம்பித்தார்கள்.

நான் பையைத் திறக்கவே இல்லை. மிக்ஸியை வெளியே எடுத்தால் எல்லாரும் பார்ப்பார்கள். என் பக்கத்தில் திருவாதவூர் பள்ளியிலிருந்து வந்த முருகம்மாள் குத்திய குத்தில் பிரஷ் காம்பு முறிந்தது. "இதென்ன பெயிண்டா, சிமிட்டியா?" என்று அழுகிற குரலில் சொன்னாள். அதைக் கேட்டதும் எடுத்து ஓட்டிப் பார்த்தேன்.

சத்தம் கேட்டுக் கூடமே திரும்பியது. ஒரு பையன், "டேய், மாவு மிஷின் வந்திருச்சு!" என்றான். சிரிப்பு. நடுவர் ஒருவர், பெரிய மீசை, விமானப்படையில் இருந்தவராம், என் முன்னால் வந்து நின்றார்.

"என்னம்மா இது? மிஷினெல்லாம் கூடாது."

முன்னே ஆம்பளை யாரிடமாவது நான் எதிர்த்துப் பேசியிருக்கிறேனா? இல்லை. ஆனாலும் சொன்னேன். "சார், பூசுறது என் கைதான் சார். இது கலக்க மட்டும். குச்சியால கலக்குனா தப்பில்லைன்னா இதுவும் தப்பில்ல சார்."

"யார் செஞ்சு குடுத்தா?"

"நான்தான் சார்."

"அப்படியா? கழட்டிக் காட்டு. மறுபடியும் மாட்டிக் காட்டு."

கழற்றினேன். கம்பி, டியூப், மோட்டார், கட்டை, தகடு, எல்லாவற்றையும் பலகையில் பரப்பினேன். கூட்டம் சுற்றி நின்றது. ஒவ்வொன்றாக மறுபடியும் மாட்டினேன். வெள்ளை டப்பாவில் கம்பியை அடிவரை விட்டு ஸ்விட்சை அழுத்தினேன். மேலே நின்ற எண்ணெயில் வெள்ளை சுருள் சுருளாக ஏறி வந்தது. பால்!

மீசைக்காரர் குனிந்து பார்த்தார். பிறகு பின்னால் திரும்பி, "விதியில இதுக்குத் தடை இல்லை" என்று சத்தமாகச் சொன்னார்.

காலையில் விமானம் முழுக்க வெள்ளை பூசி வெயிலில் காயவைத்தேன். மத்தியானம் சாப்பிடக்கூட விடவில்லை. முருகம்மாளுக்குக் காலையிலேயே ரெண்டு டப்பாவும் கலக்கிக் கொடுத்திருந்தேன். அடுத்து மாவு மிஷின் என்று சொன்னவனே வந்து நின்றான். அப்புறம் வரிசை. கொடுக்காமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிள்ளை பாறையைக் குத்திக்கொண்டிருக்க நான் மட்டும் ஜெயித்தால் அது என்ன ஜெயிப்பு?

அப்போது வாசலில் காளையண்ணன்.

வேலை பார்க்கிற கப்பலூர்க் கம்பெனிக் காக்கிச் சட்டையோடு, வேர்த்து ஊற்ற. என்னை பஸ்ஸில் விமானத்தோடு பார்த்த கூட்டாளி யாரோ போய்ச் சொல்லியிருக்கிறான். நேராக என்னைப் பார்த்து வந்தான். செத்தேன் என்று நினைத்தேன். இங்கேயே ஒடிப்பான், இத்தனை பேர் முன்னால்.

முருகம்மாள் குறுக்கே கையை நீட்டினாள். "அண்ணே, இடையில நுழையாதீக. வரிசையில வாங்க."

அண்ணன் நின்றான். வரிசையைப் பார்த்தான். டப்பாவோடு நிற்கிற பையன்களைப் பார்த்தான். "எதுக்கு நிக்கிறீங்க?"

"அக்கா கலக்கித் தருது. அது செஞ்ச மிஷின்ணே. வேற யாருகிட்டயும் இல்ல" என்றான் வரிசையில் முன்னால் நின்றவன்.

அந்த நேரம் பார்த்து மோட்டார் இழுத்தது. விட்டு விட்டு முனகியது. நின்றுவிட்டது. பேட்டரிக் கட்டை தீர்ந்துவிட்டது. என் ஆரஞ்சு இன்னும் கலக்கவே இல்லை. டப்பாவைத் திறந்தேன், மேலே எண்ணெய், அடியில் பாறை. ரெண்டு மணிக்குப் பூச வேண்டும். அழுகை வந்தது. அண்ணனை நிமிர்ந்து பார்க்கவும் பயம்.

"என்ன கட்டை?" என்றான்.

புரியவில்லை.

"எந்தக் கட்டைடி போடணும்? பெருசா, சிறுசா?"

"பெருசுண்ணே. ரெண்டு."

போனான். திரும்பி வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். மூச்சு வாங்க ஓடி வந்தான், கையில் நாலு கட்டை.

"ரெண்டு போதும்ணே."

"இருக்கட்டும். வரிசை அம்புட்டு நீளமா நிக்குதுல்ல."

வால் பகுதியும் ஜன்னலுக்குக் கீழே ஓடுகிற பட்டையும் ஆரஞ்சு. மெலிதாக ஒன்று, பொறுத்து மேலே ஒன்று. கடைசியில் மீசைக்காரர் ஒவ்வொரு விமானமாகத் தூக்கி டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தார். என்னுடையதை ரொம்ப நேரம் பார்த்தார். மைக்கில், "எத்தனையோ வருஷமா நடத்துறோம், எல்லாப் பிள்ளைகளோட ஆரஞ்சும் கோடில்லாம இருக்கிறது இதுதான் முதல் தடவை. அதுலயும் முதலாவது..." என்று என் பேரைச் சொன்னார். ரெண்டாவது முருகம்மாள். அவள் என்னைக் கட்டிப்பிடித்ததில் ரெண்டு பேர் தாவணியிலும் ஆரஞ்சு.

அடுத்த மாதம் மெட்ராஸில் மாநிலப் போட்டி. நான் போகலாம். நான்!

பஸ்ஸில் அண்ணன் விமானத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டான். காளவாசலில் கூட்டம் ஏறியபோது ரெண்டு கையாலும் அணைத்துக்கொண்டான்.

2-2-86

சாப்பிடும்போது கேட்டான். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா ஒடிச்சிருவீகல்ல."

பயத்தில் வந்துவிட்டது. அடிப்பான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனான். பாதிச் சோறு அப்படியே இருந்தது. அம்மா, "விடு, பசிச்சா வருவான்" என்றது.

5-2-86

அண்ணன் இன்னும் திட்டவில்லை.

9-2-86

காலையில் எழுந்தால் பள்ளிக்கூடப் பையின் மேல் ஒரு கட்டை. கல்யாண முருங்கை. நல்ல காய்ந்த, முடிச்சு இல்லாத கட்டை. யார் வைத்தது என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

22-2-86

மெட்ராஸுக்குப் பெரிய விமானம், அதனால் பெரிய டப்பா. கம்பி சுற்றினால் டப்பாவும் சேர்ந்து சுற்றுகிறது. ஒரு ஆள் பிடித்தால்தான் ஆகும். இன்று சாயங்காலம் வாசலில், வெளிச்சத்தில், தெருவே பார்க்கக் கலக்கிக்கொண்டிருந்தோம். அண்ணனின் கூட்டாளிகள் சைக்கிளில் வந்து நின்று மணியடித்தார்கள்.

"மாப்ள, படத்துக்கு நேரமாச்சு, வாடா. அங்க என்னடா குத்த வச்சிருக்க?"

அண்ணன் தலையை நிமிர்த்தவில்லை.

"நீங்க போங்கடா. தங்கச்சி கலர் கலக்குது. கைய விட்டா சட்டையெல்லாம் தெறிக்கும்."