என் மனையும் என் மார்க்கும்

6.11.2005, ஞாயிறு

விடாத மழை. கடைத்தெருவில் முட்டி அளவு தண்ணீர். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்கு. நாற்பத்தெட்டு வயதுக்காரன் வாராவாரம் தடுப்புக்குள் உட்கார்ந்து கம்ப்யூட்டர் பார்த்தால் ஊர் என்ன நினைக்கும் என்று தெரியும். கடைக்காரர் இன்று எட்டியே பார்த்துவிட்டார்.

"நானும் ரெண்டு மாசமா பாக்கறேன் சார். வெறும் பாறைதானா?"

குரலில் என்ன ஒரு ஏமாற்றம்.

எம்.எஸ்., நிலவியல் பொறியியல். வேலையை விடாமல் இன்டர்நெட்டிலேயே படிப்பு. வெளிநாட்டுப் பேராசிரியை புது வேலை கொடுத்திருக்கிறார்: தெரிந்த நிலம் ஒன்றைச் சோதித்து, அங்கே கட்டலாமா என்று எழுத வேண்டும். பாதி மார்க் இதற்கே. ஒரகடத்தில் கம்பெனிக்காக மண் சோதிக்கத் துளை போடும் இடங்களைப் பற்றி எழுத மேனேஜர் விடமாட்டார். ஆகவே சொந்த நிலம். மணிமங்கலம் ரோட்டில் போன வருடம் வாங்கிய மனை. மச்சான் ஏழுமலை போட்ட லேஅவுட். தை மாதம் பூமி பூஜை என்று வசந்தா நாள் குறித்தாயிற்று. கல்யாணமானதிலிருந்து வாடகை வீடு, பாவம்.

வாங்க: ஃப்ளாப்பி, தக்காளி, குடைக்குக் கம்பி.

12.11, சனி

வெயில். மண் எடுக்கும் கைத்திருகியை ஆபீசிலிருந்து இரவல் வாங்கி மனைக்கு. மேலே ஒரு சாண் செம்மண் கிராவல், பார்க்க லட்சணம். அதற்குக் கீழே கறுப்பு. பசை மாதிரி ஒட்டுகிறது. ஊர்த் தொழிற்சாலைகளுக்கெல்லாம் மண் சோதிப்பவன், இதற்கு வாஸ்து மட்டும்தான் பார்த்தேன். ஈசான மூலை பிரமாதம் என்றார்கள். ஈசான மூலையிலும் கறுப்பு.

ஏழுமலை பைக்கை நிறுத்தினான். "இன்னா மாமா, இங்கயும் நோண்டிக்கினு கீறீங்க? பொதையலு கெடச்சா எனக்குப் பாதி."

"கெடச்சிடுச்சி மச்சான். முழுசா நீயே வச்சிக்கோ."

13.11, ஞாயிறு

வசந்தா கோயிலுக்குப் போன நேரத்தில் மண்ணை அவள் வாணலியில் காய வைத்துச் சலித்தேன். இரண்டு அளவுக் குழாய்கள், இரண்டிலும் ஒரே அளவு மண். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. தண்ணீரில் எவ்வளவு உப்புகிறது என்று நாளைக்குத் தெரியும்.

ரேஷன் மண்ணெண்ணெய் குறைந்தது மட்டும் இன்றைக்கே தெரிந்துவிட்டது. திட்டு. வாணலி விஷயம் இன்னும் தெரியாது.

14.11, திங்கள்

எழுப்பியதே வசந்தாதான். "இன்னாங்க, ஒரு கிளாஸ்ல மட்டும் மண்ணு இட்லி மாவாட்டம் பொங்கிக்கினு கீது?"

தண்ணீரில் இரண்டு மடங்கு. சொன்னேன்: மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும், வீட்டைத் தூக்கித் தூக்கிப் போடும், சுவர் வெடிக்கும்.

"என் தம்பி அங்கதான வூடு கட்டிக்கினு கீறான்? அவன் சுவரு நல்லாத்தான கீது?"

காபியில் சர்க்கரை இல்லை. கேட்கவில்லை. உள்ளதை எழுதினால் மார்க் வரும், வீடு போகும்.

20.11, ஞாயிறு

தூறல். ஏழுமலை வீடு. போகலாம் என்றது வசந்தாதான்.

ஹாலில் மட்டும் ஏழு காலண்டர். மளிகைக்கடை, நகைக்கடை, சீட்டுக் கம்பெனி. போன வருடத்தது, முந்தின வருடத்தது. ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரை மாடிப்படி மாதிரி சாய்வாக ஏறிப்போகின்றன. இத்தனை நாள் நான் தேதி மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

வசந்தா ஒன்றைத் தூக்கினாள். விரல் நுழையும் விரிசல்.

"கொத்தனார் வேலை அக்கா. சிமெண்ட்ட ஒழுங்கா கலக்கல."

அடுத்ததைத் தூக்கினாள். அதற்கடுத்ததையும். "எல்லா காலண்டருக்குப் பின்னாடியும் அதே கொத்தனாராடா?"

ஏழுமலை தரையைப் பார்த்தான். "மீதி மனை விக்கணுமேக்கா. பாக்க வர்றவங்கள மொதல்ல இங்கதான் இட்டாறேன்."

"எங்களையும் இங்கதான இட்டாந்த. அப்ப எத்தினி மாட்டி வச்சிருந்த?"

"அப்ப... ரெண்டு."

பஸ்ஸில் வீடு வரும்வரை நான் ஜோக் அடிக்கவில்லை. அடிக்க இரண்டு இருந்தன.

4.12, ஞாயிறு

உள்ளதை எழுதி அனுப்பியிருந்தேன். பேராசிரியை 'ஏ' கொடுத்திருக்கிறார். பாடப்புத்தகத்திலேயே போடக்கூடிய மண்ணாம். என் மனைக்கு வெளிநாடு வரை நல்ல பெயர். கடைசியில் ஒரு கேள்வி: அங்கே நீங்கள் கட்டுவீர்களா?

வசந்தா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வழி இருக்கிறது என்றேன். உப்பும் மண்ணைத் தாண்டி ஆழமாகத் தூண் இறக்கி, அடியில் குடம் மாதிரி அகலமாக்கி, அதன்மேல் வீடு. ஆனால் மாடிக்கு வைத்திருந்த பணம் அத்தனையும் மண்ணுக்குள் போய்விடும்.

கீரைக்கட்டை ஆய்ந்து முடித்தாள்.

"மாடி ஏறிப் பாத்தா மட்டும் இன்னா தெரியப்போவுது? அந்த மாடியக் கீழயே கட்டிடுங்க."

அதையே ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன்.

18.12, ஞாயிறு

மறுபடி மழை. நேற்று கம்பெனியில் புது வருடக் காலண்டர். மேனேஜரிடம் பல்லைக் காட்டி இன்னொன்று வாங்கினேன், பெரிய சைஸ். ஏழுமலைக்கு என்று வசந்தாவிடம் சொன்னேன். சிரிக்கவில்லை.

"குடுங்க. கூடவே அந்த ரெண்டு கிளாஸையும் கொண்டுபோயி அவன் ஹால்ல வைங்க. மனை பாக்க வர்றவங்க அதையும் பாக்கட்டும். எடுத்தான்னா, அக்கா வருவான்னு சொல்லுங்க."

கிளம்ப வேண்டும். ஒரு கையில் காலண்டர், ஒரு கையில் குழாய்கள். குடை பிடிக்கக் கை இல்லை.