அர்ச்சனைத் தேங்காய் வைக்கும் இடம்

ஸ்டுட்கார்ட், ஜேர்மனி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் வினோஜனுக்கு,

அவுஸ்திரேலியாவில், பேர்த் நகரில் நீயும் லக்சிகாவும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். நானும் நலம் என்றுதான் எழுத வேண்டும். தோள் எலும்பு பொருந்திவிட்டது, கையைத் தூக்க முடிகிறது. மற்றபடி அழுகையும் வருவதில்லை, பசியும் வருவதில்லை. பக்கத்து வீட்டுப் பிரபாலினி சோறு கொண்டுவந்தால் சாப்பிடுகிறேன், வராத நாளில் பாணைத் தேநீரில் நனைத்துச் சாப்பிடுகிறேன், இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கின்றன. அப்பாவின் குளிர்கோட்டு இன்னும் கொழுக்கியில் தொங்குகிறது, அதைத் தாண்டிப் போய்த்தான் குப்பை கொட்டுகிறேன். உன் அழைப்புகளை நான் எடுக்காமல் விடுவது உனக்கு வருத்தம் என்று தெரியும். அதே கேள்வியைக் கேட்பாய் என்றுதான் எடுப்பதில்லை. வாயால் வராதது எழுத்தில் வருகிறதா என்று பார்க்கிறேன்.

லக்சிகா போனில் குரல் பதிந்து அனுப்பியிருந்தாள். "மாமி, இவர் கார்த் திறப்பைத் தொடுறாரில்லை. ஆஸ்பத்திரி முக்கால் மணித்தியாலத் தூரம், வயித்துக்குத்து வந்தால் நான் பஸ்ஸுக்குக் கை காட்டுறதோ? நீங்களாவது சொல்லுங்கோ" என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சிரிப்பு பாதியில் நின்றது.

அப்பாவின் செத்தவீட்டுக்கு வந்து நின்றபோது, விபத்து நடந்த அன்று நீ எடுத்த அழைப்புக்கு அப்பா கார் ஓட்டிக்கொண்டே பதில் சொன்னாரா என்று கேட்டாய். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை நீ ஓம் என்று எடுத்துக்கொண்டாய். இல்லை மகன், அவர் எடுக்கவில்லை. போன் அவருடைய சட்டைப் பையில் அடித்தது, இரண்டு கையும் ஸ்டியரிங்கில்தான் இருந்தன. "தம்பிதான் எடுக்கிறான் போல, எங்கையும் நிண்டு கதைப்பம்" என்றார். அது அடித்து ஓய்ந்தது. அதற்குப் பிறகு பிறக்கப்போகும் பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பீர்கள் என்று கதைத்துக்கொண்டு வெகுதூரம் வந்தோம். "வாயில நுழையிற பேராய் வைக்கச் சொல்லு, இல்லாட்டி வெள்ளைக்காரப் பிள்ளையள் பகிடி பண்ணுங்கள்" என்றார்.

நடந்தது வேறு. கோயிலில் அர்ச்சனை முடிந்து காருக்கு வந்ததும், உடைத்த தேங்காய் இருந்த அர்ச்சனைப் பையைப் பின்பெட்டியில் வைப்பம் என்றேன். "அதுக்குள்ள சப்பாத்தும் பழைய ரயரும் கிடக்கு, சாமிப் பொருளை அங்க வைக்கிறதோ" என்றார். காலடியிலும் வைக்கக் கூடாது. மடியில் தாங்கோ என்றேன், தேங்காய்த் தண்ணீர் பட்டுச் சேலையில் ஊறும் என்றார். எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்வதைத்தான் செய்தார், எங்கள் இருவருக்கும் நடுவில், கை வைக்கும் மேட்டில் வைத்தார். வீதி திருத்தும் இடத்தில் வாகனங்கள் தேங்கி நின்றன. மெல்ல பிரேக் பிடித்தார், பை சரிந்தது, பாதித் தேங்காய் அவர் காலடியில் விழுந்தது. முன்னால் லொறி நின்றுவிட்டது. மிதித்தார். திரும்பவும் மிதித்தார். "இறங்குதில்லை" என்று மட்டும் சொன்னார். தேங்காய் பிரேக் மிதிக்குக் கீழே இறுகியிருந்தது. லொறியின் பின்பக்கத்தில் போய் மோதினோம். மற்றப் பாதியைக் கார் இழுத்தவர்கள் பையோடு தந்தார்கள், சமையல் கழிவு போடும் பயோ வாளியில் போட்டேன்.

நான் படிப்பித்த காலத்தில் மூன்றாம் வகுப்பில் பிள்ளைகளுக்குப் புத்தகத்தின் மேல் கரும்பலகையில் எழுதும் சோக்கை நிறுத்தி, புத்தகத்தை இழுத்து, சட்டென்று நிறுத்திக் காட்டுவேன். புத்தகம் நிற்கும், சோக் நிற்காது. காரும் அப்படித்தான், நீ நிறுத்துவது காரை மட்டும். ஆகவே அர்ச்சனைப் பையோ, தண்ணீர்ப் போத்தலோ, நாளைக்குப் பிள்ளையின் கிலுகிலுப்பையோ, எதுவானாலும் மூடியுள்ள பெட்டியில் போட்டுப் பின்பெட்டியில் வை. சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்தால் பிள்ளையார் கோபிக்க மாட்டார். போனைச் சத்தமில்லாமல் செய்து, கைக்கு எட்டாத இடத்தில் வை. முன்னால் போகும் வாகனம் ஒரு கம்பத்தைத் தாண்டியதும், இங்கே ஓட்டப் பழக்குகிறவர்கள் சொல்வதுபோல இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று, எண்ணுக்கு ஒரு செக்கனாக ஆறுதலாக எண்ணு, எண்ணி முடிய முதல் நீ அந்தக் கம்பத்துக்கு வந்தால் கிட்டப் போகிறாய். மழையில் இன்னும் கூட எண்ணு. லக்சிகா இருக்கைப் பட்டியை வயிற்றுக்குக் கீழால் போடட்டும், மேலால் வேண்டாம். உனக்குக் கை நடுங்கினால் முதலில் தெருமுனைக் கடை மட்டும் போய் வா. நாளைக்கு அடுத்த தெரு. வாய்ப்பாடும் அப்படித்தான் பாடமாகும்.

மூன்று பேரும் ஒரு குறையுமின்றிச் சேமமாக இருக்க அந்தப் பிள்ளையாரையே கேட்கிறேன். கடைக்குப் போய் வந்து, காரை வீட்டு வாசலில் நிறுத்தி, திறப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு அழை. எடுப்பேன்.

உன் அம்மா,
மு. சுந்தரேஸ்வரி