பூவால் அணைத்த விளக்கு

அக்கா,

இன்று, வெள்ளிக்கிழமை, ஏற்றிய விளக்கு சற்று முன்புதான் தானாக அணைந்தது. கருகிய திரியின் வாசனை கூடம் முழுக்க நிற்கிறது. புதிதாக வந்த மருமகள் பதறிப்போய், "அத்த, பூ வச்சு விளக்கக் குளிர வைக்க மறந்துட்டியளா?" என்கிறாள். அவளுக்குப் பதில் சொல்லும் முன் உங்களிடம் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன்.

கொச்சியிலிருந்து எங்கள் ஊர்ப் பள்ளிக்குக் கணக்கு டீச்சராக வந்து, தச்சநல்லூரில் எங்கள் பக்கத்து வீட்டில் குடியேறினீர்கள். யூதர் என்றால் யாரென்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. சி.எஸ்.ஐ.யா, ஆர்.சி.யா என்று கேட்டவர்களிடம், "ரெண்டுக்கும் முந்தி" என்று சொல்லிவிட்டு நடப்பீர்கள். வாழைப்பழம் தின்னும் முன் கடவுளுக்கு ஒரு நன்றி, இடி இடித்தால் ஒரு நன்றி, கக்கூஸ் போய்விட்டு வந்தால்கூட ஒரு நன்றி. நாங்கள் சிரித்தபோது, "ஒரு நாள் அடச்சுக்கிட்டா தெரியும் ளா, அது எவ்வளவு பெரிய காரியம்னு" என்றீர்கள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

வெள்ளி பொழுது அடைந்ததிலிருந்து சனி இருட்டும் வரை நீங்கள் தீ மூட்ட மாட்டீர்கள், ஸ்விட்ச் போட மாட்டீர்கள், பஸ் ஏற மாட்டீர்கள்; அது உங்கள் ஓய்வுநாள். சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் என்ற தலைமையாசிரியரிடம், ஞாயிறு இரண்டு மடங்கு எடுக்கிறேன் என்று சொல்லி, ஓய்வுபெறும் வரை எடுத்தீர்கள். உறவெல்லாம் இஸ்ரேலுக்குப் போய், உங்களையும் கூப்பிட்டார்கள். "அங்கன இருக்கவருதான் இங்கனயும் இருக்காரு" என்று இங்கேயே இருந்துவிட்டீர்கள்.

நாம் ஒட்டிக்கொண்டது வெள்ளிக்கிழமை விளக்கால்தான். நீங்கள் பொழுது அடையும் முன் ஏற்றுவீர்கள், நான் அடைந்த பின். உங்க சாமி லேட்டாத்தான் வருவாரோ என்று என்னைக் கேலி செய்வீர்கள்.

அந்த ஐப்பசி வெள்ளி. சாப்பிடக் கூப்பிட்டிருந்தீர்கள். மழையில் கரண்ட் போய்விட்டது. நீங்கள் உள்ளறையில் ஜெபத்தில் இருந்தீர்கள். மேசைமேல் உங்கள் இரண்டு விளக்குகளும் சன்னல் காற்றில் துள்ளின. காற்று அணைத்துவிட்டால் வீட்டுக்கு ஆகாதே என்று, என் தலையிலிருந்த பிச்சிப்பூவைக் கிள்ளித் திரிகளை அழுத்திக் குளிர வைத்தேன். அம்மா சொல்லிக்கொடுத்த மரியாதை அது. நீங்கள் வெளியே வந்ததும் அதைப் பெருமையாகச் சொல்லிவிட்டு, மறுபடி ஏற்றத் தீப்பெட்டியைத் தேடினேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். இந்த நாளில் எனக்காக யாரும் தீ கொளுத்தவும் கூடாது, அணைக்கவும் கூடாது என்றீர்கள். அணைக்கவே கூடாத விளக்கை அணைத்துவிட்டேன் என்று அப்போதுதான் தெரிந்தது. ஊரிலேயே ஒற்றை ஆளாய் நீங்கள் காத்து வந்த நாளை நான் கெடுத்துவிட்டேனே என்று அழுதுவிட்டேன்.

"ஏளா, அழாத. கொளுத்துதது என் வேல, அத நேரத்துக்குச் செஞ்சாச்சு. மிச்சம் அவரு பாடு. விளக்கு போனா நாளும் போயிருமா?"

இருட்டில் தடவித் தடவி உட்கார்ந்தோம். உலர்திராட்சை பிழிந்த சாற்றுக் கோப்பையைக் கையில் ஏந்தி, அந்த நாளுக்கான நன்றிப் பாட்டைப் பாடினீர்கள். குரலில் ஒரு குறையும் இல்லை. நீங்களே சுட்ட ரொட்டியைப் பிய்த்து, இருட்டில் என் கையைத் தேடி அதில் வைத்தீர்கள். இப்படி ஒருவருக்கு நான் பக்கத்து வீடு என்று அன்றைக்கு நெஞ்சு நிமிர்ந்தது, அக்கா. இன்னும் குனியவில்லை.

நீங்கள் கண்மூடி இது மூன்றாவது வெள்ளி. இன்று பொழுது அடையும் முன்பே ஏற்றினேன். நடுவில் ஒரு காற்று வந்தது. கை பழக்கத்தில் பூவுக்குப் போனது. இறக்கிக்கொண்டேன். சுடர் சாய்ந்து, நிமிர்ந்து, எண்ணெய் தீரும் வரை எரிந்தது.

மருமகள் இன்னும் நிற்கிறாள். "மறக்கலம்மா" என்கிறேன் அவளிடம். "இது எங்க அக்கா வீட்டு வழக்கம்."