பஸ் காசு மிச்சம்

அப்பா,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சூடு பண்ணிச் சாப்பிடுங்கள்; கேஸை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பஸ் காசு மிச்சம் என்று மாதம் முழுக்க வேலைக்கு நடந்தே போனீர்கள். அந்தக் காசு முட்டிவலி டாக்டருக்குப் போனது, புதுச் செருப்புக்கு என் சம்பளம் போனது. அபாரமான சிக்கனம்! கேட்டால், “நடந்தா உடம்புக்கு நல்லதும்மா” என்று எனக்கே பாடம். நேற்று கத்தியதற்கு மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன்.

தைலம் மேஜைமேல் இருக்கிறது. இரண்டு முட்டிக்கும் தேயுங்கள், ஒன்றுக்கு மட்டும் தேய்த்து மிச்சம் பிடிக்காதீர்கள்.

சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பி.கு.: உங்கள் சட்டைப்பையில் பஸ் பாஸ் வைத்திருக்கிறேன். திருப்பிக் கொடுத்தால் பணம் தர மாட்டார்களாம், விசாரித்துவிட்டேன். இனிமேல் நடந்தால்தான் உங்களுக்கு நஷ்டம்.