ஷட்டரில் தொங்கிய நான்கு பூட்டுகள்

இன்று காலை ஏரி ஷட்டரில் தொங்கிய நான்கு பூட்டுகளையும் கட்டர் வைத்து அறுத்தார்கள். இரும்பு கருகும் வாடை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம்தான் வந்தது. விழா மாதிரி நடத்தினார்கள். செஞ்சியிலிருந்து மைக் செட், ஆளுக்கொரு கலர் சோடா. பிறகு புதிதாக ஒரே பூட்டைப் போட்டு, சாவியை என்னிடம் கொடுத்தார்கள். உனக்குப் பிறகு சங்கத்துக்கு நான்தான் தலைவர். கைதட்டல் வேறு.

நீ சரித்திர வாத்தியார், நான் விதைக்கடைக்காரன். பள்ளிக்கூடம் விட்டதும் என் கடை பெஞ்சுக்கு வந்துவிடுவாய். ஏரியைப் பார்த்துக்கொள்ள நாலு ஊரும் சேர்ந்து சங்கம் வைத்து, உன்னைத் தலைவராக்கிய வாரம், வகுப்பில் நீ அமெரிக்காவின் முதல் அரசாங்கத்தைப் பாடமாக நடத்திக்கொண்டிருந்தாய். டீயைக் கூடக் குடிக்காமல் சிரித்தாய்.

"இங்கிலாந்து ராஜாகிட்ட பட்டது போதும்னு, பதிமூணு மாநிலமும் சேர்ந்து பவரே இல்லாத ஒரு சர்க்கார் வச்சாங்கடா. வரி போட முடியாது. பட்டாளத்துக்கு ஆள் வேணும்னா கேக்கணும், குடுத்தா உண்டு. சட்டத்த மாத்தணும்னா அத்தனை பேரும் தலையாட்டணும். ஒருத்தன் மாட்டேன்னா அவ்ளோதான்."

"நம்ம சங்கம்னு சொல்லு" என்றேன்.

"அதேதான். ஆனா அவங்க சீக்கிரம் முழிச்சிக்கினாங்க."

நம் ஆட்கள் முழிக்கவில்லை. ஏரி நிரம்பினால் தண்ணீரை வெளியேற்றும் அந்த ஒரு ஷட்டருக்கு, ஊருக்கு ஒன்றாக நாலு பூட்டு போட்டார்கள். ஒரு ஊர்க்காரன் திருட்டுத்தனமாகத் திறந்துவிடுவானாம். நாலு சாவியும் வந்தால்தான் ஷட்டர் அசையும். மழைக்காலத்துக்கு மட்டுமாவது தலைவரிடம் ஒரே சாவி இருக்கட்டும் என்று நீ கூட்டத்தில் கெஞ்சினாய். மூன்று ஊர் ஒத்துக்கொண்டது. நான்காவது ஊரான மேலூரின் சாவியை வைத்திருந்தவர் எழுந்தார். "இன்னா சாரே, உங்க ஊருக்குத் தண்ணி தொறந்து வுட்டுக்கவா?" என்றார். அதோடு முடிந்தது. நீ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாய்.

அந்த ஐப்பசி மழையில் ஏரி ததும்பியது. நம் ஊர் கரைக்கு நேர் கீழே. மூன்று சாவி வந்துவிட்டது. நான்காவது, மேலூர்க்காரரின் இடுப்பில், அவலூர்பேட்டையில் ஒரு கல்யாணத்தில் இருந்தது. போன் போட்டாய். "பந்தி முடிஞ்சதும் வந்துடறேன் சாரே, இன்னா அவசரம்?" என்றார். கரை கசிய ஆரம்பித்தது. நீ கடப்பாரையைத் தூக்கினாய். சண்டைக்கே போகாத நீ! மேலூர்ப் பையன்கள் பூட்டை மறைத்துக்கொண்டு நின்றார்கள்.

"எங்க பூட்டுல கைய வச்சா நடக்கறதே வேற!"

கும்பிட்டுக் கேட்டாய். வாத்தியார் நீ, உன்னிடம் படித்த பையன்களைக் கும்பிட்டாய். அவர்கள் நகரவில்லை. மத்தியானம் கரை உடைந்தது. கதிர் பிடித்த நெல்லும், கட்டிப்போட்ட மாடுகளும், ஏழெட்டு வீட்டுச் சுவரும் போயின.

மேலூர்க்காரரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "தலைவன்னு எதுக்குய்யா இருக்கான்?" என்று உன் வீட்டு வாசலில் வந்து கத்தினார்கள். தலைவன் என்ற பெயரைத் தவிர உனக்கு என்ன கொடுத்து வைத்திருந்தார்கள்? நீ வெளியே வருவதையே விட்டாய். பெஞ்சில் உன் டீ ஆறிக் கிடந்த நாட்கள் உண்டு. அடுத்த பொங்கலுக்கு நீ இல்லை. மாரடைப்பு என்றார் டாக்டர். நான் அப்படிச் சொல்வதில்லை.

இன்று உன் படத்துக்கு மாலை போட்டது அந்த மேலூர்க்காரர்தான். "சாரு சொன்னப்பவே கேட்டிருக்கணும்" என்று மைக்கில் தழுதழுத்தார். எல்லாரும் தலையாட்டினார்கள். நாலு ஊரும் ஒன்றாகத் தலையாட்டி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டேன். உட்கார்ந்தால் உறுத்துகிறது. ராஜகிரி மலைக்குப் பின்னால் மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது. மழை பிடித்தால் இன்றே போய்த் திறப்பேன், எவனையும் கேட்க வேண்டாம். ஆனால் இது நீ கேட்ட சாவி. உன் சாவுக்குப் பிறகுதான் இவர்களுக்குக் கொடுக்க மனசு வந்திருக்கிறது.